வாசல்வரை விருந்தாளி

ராடென்கோவின் இடது முழங்காலை அவன் மனைவி நெவென்காவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கூடைப்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது என் வேலை. பெயர் மிலுன். காலைப் பிடித்து எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தால் போதும், பாதிரியாரிடம் சொல்லாததைக்கூட ஆட்கள் என்னிடம் கொட்டிவிடுவார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை, திட்டுவேன். அதனால் கோச்சுகள் பலருக்கு என்னைப் பிடிக்காது. அவர்களெல்லாம் போய்விட்டார்கள், நான் இன்னும் இருக்கிறேன்.

ராடென்கோவைப் பெரிய ஆட்டக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். மீசை அரும்பும் வயதில் பெல்கிரேடு கிளப் ஒன்று அவனைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரு சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு அவன் ஊரைவிட்டு நகரவில்லை. உயரம் போதாது, ஓட்டமும் சுமார்தான். ஆனால் பந்து கையில் இருக்கும்போது தன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், அடுத்த நொடி எங்கே நிற்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும். பந்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் ஆட்டத்தை ஓட்டுகிறவன் அவன்தான். இரண்டாம் நிலை லீகில் எங்கள் ஊரின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். சந்தையில் மிளகாய் விற்கும் பெண்கள் ஜெயித்த வாரத்தில் அவனுக்குப் பொறுக்கிப் போடுவார்கள், தோற்ற வாரத்தில் அழுகினதைத் தள்ளிவிடுவார்கள்.

அவன் அப்பா திஹோமிர் ரயில்வேயில் சிக்னல் பார்த்தவர். கொல்லை வால்நட் மரத்தில் இரும்பு வளையம் அடித்துக்கொடுத்து மகனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் அவர்தான். உள்ளூரில் ஆட்டம் என்றால் கதவோரத்து இருக்கையில் வந்து உட்காருவார். ஜெயித்தாலும் தோற்றாலும் வாயைத் திறக்கமாட்டார். மகன் ஃப்ரீ த்ரோ போடப் போனால் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார், பந்து விழுந்த சத்தம் கேட்டபிறகு திறப்பார்.

கிளப் தலைவர் புடிமிர், திஹோமிரோடு பட்டாளத்தில் இருந்த தோழர். மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை, இனிமேல் ‘அவன்’ என்றே எழுதுகிறேன். ராடென்கோவுக்குச் சின்ன வயதிலிருந்து அவன் ‘சித்தப்பா’. நல்ல பேச்சு, பளபளக்கிற ஷூ. யார் தோளிலும் கைபோட்டுக்கொண்டு பேசுவான். அந்தக் கை உங்கள் தோளில் விழுந்தால் உங்களிடமிருந்து எதையோ எடுக்கப் போகிறான் என்று அர்த்தம். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் இல்லையென்றால் அந்தக் கிளப் எப்போதோ மூடியிருக்கும்.

ராடென்கோவின் ஒப்பந்தத்தைத் திஹோமிர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் எழுதினார்கள். அன்று நானும் இருந்தேன். புடிமிர் அதில் ஒரு விதி போட்டிருந்தான். ஒப்பந்தம் முடிகிற கோடையில், ஜூலையில் வரும் பேதுரு திருநாள் முடிவதற்குள், ‘நான் போகிறேன்’ என்று ராடென்கோ கையெழுத்துப் போட்ட தாள் தலைவரின் கைக்கு வந்து சேர வேண்டும். சேர்ந்தால் அவன் சுதந்திர ஆட்டக்காரன், எந்தக் கிளப்புக்கு வேண்டுமானாலும் போகலாம். சேராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் இரண்டு சீசன் நீளும். தபால் செல்லாது, வக்கீல் செல்லாது, கைக்குக் கை வர வேண்டும்.

பேதுரு திருநாள்தான் திஹோமிர் வீட்டு ஸ்லாவா. எங்கள் ஜனங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் காவல் உண்டு, அவருடைய நாள்தான் அந்த வீட்டு ஸ்லாவா. அதற்கு யாரையும் அழைப்பதில்லை. வழக்கமாக வருகிறவன் தானாக வருவான், வந்தவனுக்குக் கதவைச் சாத்தக் கூடாது. வீட்டுத் தலைவன் அன்று உட்காரமாட்டான், நின்றபடியே பரிமாறுவான். திஹோமிர் வீட்டில் இன்னும் கண்டிப்பு, கடைசி விருந்தாளி போகும்வரை தலைவன் தெருவாசலைத் தாண்டி ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

விதியைப் படித்துவிட்டுத் திஹோமிர் சிரித்தார். “ஸ்லாவா அன்னிக்குன்னு போட்டிருக்கியே, அன்னிக்கு நாங்க வீட்டை விட்டு எப்படிடா வருவோம்?”

“அதுக்குத்தானே போட்டேன்,” என்றான் புடிமிர்.

எல்லோரும் சிரித்தோம். ப்ளம் சாராயம் அந்த வருஷம் நன்றாக அமைந்திருந்தது.

இந்த மார்ச் மாதம் திஹோமிருக்கு நெஞ்சில் கோளாறு வந்து பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் படுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை எங்களுக்கும் ஆற்றுக்கு அக்கரை ஊருக்கும் ஆட்டம். ஜெயிக்கிறவனுக்கு மேல் லீகுக்கு வழி திறக்கும். ஆட்ட நாளில் பையன்களுடைய போன்களையெல்லாம் ஒரு பையில் வாங்கித் தலைவர் அறையில் பூட்டிவைப்பது எங்கள் கிளப் வழக்கம், அன்றும் பூட்டினார்கள்.

இடைவேளையில் நான் ராடென்கோவின் முழங்காலில் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். புடிமிர் போனைக் காதில் வைத்தபடி அறைக் கதவில் வந்து நின்றான். ராடென்கோவைப் பார்த்தான். அப்படியே திரும்பி வராந்தாவுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்து ராடென்கோவின் தோளில் கையைப் போட்டு, மறுபாதியும் நீதான்டா ஓட்டணும் என்றான். நான் எதையும் யோசிக்கவில்லை. தலைவர்களுக்குப் போன் வரும், அவ்வளவுதான்.

ராடென்கோ போட்ட ஃப்ரீ த்ரோக்களால்தான் ஜெயித்தோம். பையன்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு அரங்கைச் சுற்றினார்கள். இறக்கிவிட்டபிறகு புடிமிர் அவனைக் கட்டிப்பிடித்து, இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, அப்பாவுக்கு மோசமாகிவிட்டது, ஓடு என்றான். ராடென்கோ விளையாட்டு உடுப்பின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடிவிட்டார்கள். அம்மா தெசாங்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவன் கையைப் பிடிக்கப் போனான். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. ஒரே கூரை, மேலே மகன் குடும்பம், கீழே அம்மா. தட்டு வைப்பாள், ரொட்டி நறுக்குவாள், மகனிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். துக்கம் என்று அவன் நினைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் வந்தது, முடிவெடுக்க வேண்டிய மாதம். அக்கரை ஊர்க் கிளப்புக்கு அவன்மேல் ஒரு கண் இருப்பதாக ஏஜென்ட் போன் செய்தான். அவன் சுதந்திர ஆட்டக்காரன் ஆனபிறகுதான் பேசுவார்களாம், அதுவும் நிச்சயம் இல்லையாம். இந்தப் பக்கம் புடிமிர் தேனாகப் பேசினான். இரண்டு சீசன் விளையாடு, பிறகு சின்னப் பிள்ளைகளுக்குக் கோச்சாக இரு, அப்பா பெயரில் வருஷா வருஷம் ஒரு கோப்பை நடத்தலாம் என்றான். அரங்கத்தின் வெளிச்சுவரில் ராடென்கோவின் முகத்தைப் பெரிதாக வரைந்தும் வைத்துவிட்டான். பெயின்ட் ஃபாக்டரி முதலாளி கிளப்பைத் தத்தெடுக்கப் போகிறார், சுவரில் இருக்கிற அந்த முகம் களத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே நிபந்தனை.

நெவென்கா இருந்துவிடு என்றாள். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், அவனுக்கு முப்பத்துநாலு வயது, முழங்கால் வேறு அப்படி. என்னையும் கேட்டான்.

“சுதந்திர ஆட்டக்காரன்னா என்னன்னு நெனச்சே?” என்றேன். “வேலை இல்லாதவனுக்குப் பேப்பர்காரன் வெச்ச மரியாதையான பேருடா அது.”

சிரித்துக்கொண்டே, இருந்துவிடுகிறேன் என்றான். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவன் வீட்டுச் சமையலறையில் அவனுடைய காலை நாற்காலியில் தூக்கிவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தெசாங்கா மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புளிப்புச் செர்ரிப் பழங்களிலிருந்து கொண்டை ஊசியால் கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு. அவன் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

“அம்மா, நான் இங்கேயே இருந்துடலாம்னு பாக்குறேன். சித்தப்பா அப்பா பேர்ல ஒரு கோப்பை வெக்கிறேங்கிறாரு.”

“வெக்கட்டும்,” என்றாள் அவள், பழத்திலிருந்து கண்ணை எடுக்காமல். “அப்பாவைவிட ஆட்டம்தான் பெருசுன்னு இருந்தவன் நீ. உனக்குக் கோப்பைதானே வேணும்.”

“என்னம்மா பேசுறே?”

“ஆட்டம் முடிஞ்சதும் வர்றேன்னு சொல்லி அனுப்பினியே. அவரு ‘பையன் எங்கே’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. நான்தான் குனிஞ்சு காதுல சொன்னேன், ஆட்டம் முடிஞ்சதும் வர்றானாம்னு. சரின்னு தலையாட்டினாரு. அதுக்கப்புறம் கண்ணைத் தெறக்கவே இல்லை.”

என் கை அவன் முழங்காலில் நின்றுவிட்டது. அந்தக் காலில் இருந்த தசையெல்லாம் கல்லானது எனக்குத் தெரிந்தது. பிறகு மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த நாளைச் சேர்த்து வைத்தோம். டாக்டர் கையை விரித்ததும் தெசாங்கா மகனுக்குப் போன் செய்திருக்கிறாள், அது பையில் பூட்டிக் கிடந்தது. உடனே புடிமிரைக் கூப்பிட்டுப் பையனை அனுப்பு என்றிருக்கிறாள். இதோ சொல்கிறேன் என்று வைத்தவன், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, சொல்லிவிட்டேன் தெசாங்கா, ஆட்டம் முடிந்ததும் வருகிறானாம் என்றிருக்கிறான். இடைவேளையில் அவன் கதவில் நின்று பார்த்ததை நான் சொன்னேன். இடைவேளையிலேயே கிளம்பியிருந்தால் அப்பா கண் திறந்திருக்கும்போதே இவன் போய்ச் சேர்ந்திருப்பான்.

“எனக்கு யாரும் சொல்லலைம்மா,” என்றான் ராடென்கோ.

தெசாங்கா எழுந்து வந்தாள். அந்தச் சிவப்புக் கையாலேயே மகனின் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மார்ச்சிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. இத்தனை மாதம் தன் பிள்ளையை மனசுக்குள் சபித்துக்கொண்டே சோறு போட்டிருக்கிறாள். புடிமிர் அந்த மகனிடமிருந்து அப்பாவின் கடைசி நேரத்தை மட்டும் திருடவில்லை, அம்மாவையும் பிள்ளையையும் பிரித்துவைத்துவிட்டு அவர்கள் தோளிலேயே கைபோட்டுத் திரிந்திருக்கிறான்.

ராடென்கோ எழுந்து கோட்டை எடுத்தான். போய் அவன் தாடையைப் பெயர்க்கிறேன் என்றான். நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். தெசாங்கா கதவை மறித்துக்கொண்டாள்.

“அடிச்சா அவன் பாவப்பட்டவனாயிடுவான். ஊரே அவனுக்கு சூப்பு வெச்சு எடுத்துட்டுப் போகும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னமெல்லாம் செர்ரிச் சாறு. “அவன் எதுக்காக உங்கப்பாவை ஏமாத்தினான்? ஆட்டத்துக்காகத்தானே. அதைப் பிடுங்கு.”

எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சுவரில் இருக்கிற முகம், பெயின்ட் ஃபாக்டரி முதலாளி, மேல் லீக், எல்லாம் இவன் ஒருவன்மேல்தான் நின்றது. ராடென்கோ போய்விட்டால் புடிமிர் கையில் ஒரு வெறும் அரங்கமும் அதன் சுவரில் எதிரணி ஆட்டக்காரனின் படமும்தான் மிஞ்சும். ஆனால் ராடென்கோ கையிலும் ஒன்றும் மிஞ்சாது. அக்கரைக்காரன் கூப்பிடாவிட்டால் அவன் ஆட்டம் இதோடு சரி.

நெவென்கா அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். செப்டம்பரில் எங்கே இருப்போம் என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றான். அவள் தட்டுகளை எடுத்து வைத்தாள், கையைத் துடைத்தாள், உட்கார்ந்து அந்தத் தாளைத் தானே எழுதினாள். ஒரே ஒரு வரி. அவன் கையெழுத்துப் போட்டான்.

தாள் தயார். ஆனால் புடிமிர் இல்லை. இந்த ஊரில் ஒருவன் மனசை மாற்றிக்கொண்டால் அவன் வாயைத் திறப்பதற்குள் சந்தைக்குச் செய்தி போய்விடும். அக்கரைக் கிளப்புக்கு ஏஜென்ட் போன் போட்டதை யாரோ புடிமிரிடம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் அவனுக்குத் தெரியாது, ராடென்கோ பேரம் பேசுகிறான் என்று நினைத்திருப்பான். ஆபீஸுக்குப் போனால் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போயிருக்கிறார் என்றார்கள். வெந்நீர் ஊற்றுக்கு நானே காரை ஓட்டிப் போனேன், காலையில்தான் கிளம்பினார் என்றார்கள். வீட்டில் அவன் மனைவி திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆள் இல்லை என்றாள். வக்கீலைக் கேட்டோம். இந்த விதி மடத்தனமான விதி, வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம், தீர்ப்பு வரும்போது உன் முழங்கால் இருக்குமா பார்த்துக்கொள் என்றார்.

பேதுரு திருநாளுக்கு முந்தின நாள் நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். தெசாங்கா மட்டும் ஸ்லாவாவுக்குக் கோதுமை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அவன் நாளைக்கு வருவான் என்றாள்.

“எப்படி வருவான்? அவனுக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

“வராம இருந்தா, செத்துப்போன தோழன் வீட்டு முதல் ஸ்லாவாவுக்கே வரலைன்னு ஊரு காறித் துப்பும். நம்ம கூடத்துல வெச்சு யாரும் அவனை ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னும் அவனுக்குத் தெரியும். நாளைக்கு இந்த நாட்டுலேயே அவனுக்குப் பத்திரமான இடம் நம்ம மேசைதான்.” பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள். “வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசக் கூடாது. இது உங்கப்பா ஸ்லாவா. நல்லதா எடுத்துப் போடு, நெறைய ஊத்து. வாசலைத் தாண்டிட்டா அவன் விருந்தாளி இல்லை.”

மறுநாள் காலையில் பாதிரியார் வந்து ஸ்லாவா ரொட்டியை ஒயின் ஊற்றி ஆசீர்வதித்தார். மெழுகுவத்தி எரிந்தது. துக்க வருஷம், அதனால் பாட்டு இல்லை. போன வருஷம்வரை திஹோமிர் நின்ற இடத்தில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே, ராடென்கோ வெள்ளைச் சட்டையில் நின்றான். சட்டைப் பையில் அந்தத் தாள். வருகிறவர்களுக்குத் தெசாங்கா முதலில் சர்க்கரையும் வால்நட்டும் சேர்த்துப் பிசைந்த கோதுமையைக் கரண்டியில் கொடுத்தாள், பிறகு அவன் சாராயம் ஊற்றினான்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால் புடிமிர் வந்தான். புது வைக்கோல் தொப்பி, கையில் காபிப் பொட்டலமும் ஒரு பாட்டிலும். பெயின்ட் ஃபாக்டரி முதலாளியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான், ஒரு சாட்சி பக்கத்தில் இருக்கட்டும் என்று போல. தெசாங்காவை மூன்று முறை முத்தமிட்டான். கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு சிலுவை போட்டான். திஹோமிரின் படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தான். அந்தக் கண்ணீர் நிஜமானது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவனுக்குத் திஹோமிர்மேல் பிரியம் இருந்தது. ஆட்டத்தின்மேல் கொஞ்சம் அதிகமாக இருந்தது, அவ்வளவுதான்.

நடுவில் உட்கார்ந்தான். ராடென்கோ அவனுக்குச் சூப்பு ஊற்றினான், சுட்ட ஆட்டுக்குட்டியில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தான், கிளாஸ் காலியாகக் காலியாக நிரப்பினான். நான் எதிரே உட்கார்ந்து என் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், நிமிர்ந்தால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று. புடிமிர் எழுந்து நின்று திஹோமிருக்காக ஒரு கிளாஸ் குடித்தான். பட்டாளத்துக் கதை சொன்னான். சாராயம் ஏறினதும் முதலாளியின் பக்கம் சாய்ந்து, இனிமேல் பையன் இரண்டு சீசன் நம்மோடுதான், இன்றோடு முடிவாகிவிடும் என்றான். ஸ்லாவா மேசையில் தொழில் பேசக் கூடாது, அது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

“இன்னிக்கு அதெல்லாம் வேணாம் சித்தப்பா,” என்றான் ராடென்கோ. “இன்னும் ஒரு துண்டு வெக்கட்டுமா?”

வைத்தான். புடிமிர் தின்றான்.

வெயில் சாய ஆரம்பித்தபோது கிளம்பினார்கள். விருந்தாளியை வாசல்வரை கொண்டுவிட வேண்டியது தலைவனின் கடமை. புடிமிர், முதலாளி, பாதிரியார் மூவருமே ஒன்றாகத்தான் எழுந்தார்கள். நானும் பின்னால் போனேன். தெருவில் வேறு வீட்டு ஸ்லாவாவுக்குப் போகிறவர்கள் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசலில், வழியனுப்பக் கொடுக்கும் வழிக் கிளாஸ் ஒன்று ஊற்றினான் ராடென்கோ. புடிமிர் குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான். வாசலைத் தாண்டித் தெருவில் நின்றான்.

ராடென்கோ சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து வாசலுக்கு மேலாக நீட்டினான். “சித்தப்பா, இது உங்களுக்கு.”

புடிமிருக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டான். முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

“நாளைக்கு ஆபீஸுக்கு எடுத்துட்டு வாடா.”

“நாளைக்குக் குடுத்தா செல்லாதே.”

“அதுக்கு நான் என்ன பண்ண? உங்கப்பாவை வெச்சுக்கிட்டுத்தானே எழுதினோம்.”

அப்பாவின் பெயரை அவன் எடுத்ததும் ராடென்கோவின் கால் தூக்கிக்கொண்டது. வாசலைத் தாண்டித் தெருவில் வைத்திருப்பான். வைத்திருந்தால் அப்பாவின் முதல் ஸ்லாவாவை மிதித்தவன் ஆகியிருப்பான், அதையும் புடிமிர் ஊரெல்லாம் சொல்லியிருப்பான். பின்னாலிருந்து, “ராடே,” என்று ஒரு குரல். கால் வந்த இடத்துக்கே திரும்பியது.

தெசாங்கா வீட்டிலிருந்து வாசலுக்கு வரும் நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். தலையில் கறுப்புத் துணி. இரண்டு கையாலும் புடிமிரின் வைக்கோல் தொப்பியைப் பாத்திரம் மாதிரி மல்லாத்திப் பிடித்திருந்தாள். அதற்குள் வெள்ளைத் துணியில் ஸ்லாவா ரொட்டித் துண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கென்று விருந்தாளியிடம் கொடுத்து அனுப்புவது வழக்கம். வாசலுக்கு வந்ததும் மகன் விரலிலிருந்து தாளை வாங்கினாள். எல்லோரும் பார்க்க ரொட்டியின்மேல் வைத்தாள். மறைக்கவில்லை. அப்படியே புடிமிரிடம் நீட்டினாள்.

“தொப்பியை மறந்துட்டே, புடிமிர். வீட்டுக்கு ரொட்டியும் வெச்சிருக்கேன்.”

புடிமிர் பாதிரியாரைப் பார்த்தான். பாதிரியார் ரொட்டியைப் பார்த்தார். காலையில் அவர் கையால் ஆசீர்வதித்த ரொட்டி. புருஷனை இழந்தவள் தன் கையால் கொடுக்கிற ஸ்லாவா ரொட்டியை வேண்டாம் என்று சொன்ன ஆண்பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை. தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாங்கிக்கொள்ளேன், என்ன யோசனை என்றார்.

புடிமிரின் கைகள் பையிலிருந்து மெதுவாக வெளியே வந்தன. தொப்பியை வாங்கிக்கொண்டான்.

“படிச்சுப் பாருங்க,” என்றேன் முதலாளியிடம். என் வாய் அதற்குமேல் தாங்காது. அவர் குனிந்து அந்த ஒரு வரியைப் படித்தார். புடிமிரை ஒரு மாதிரி பார்த்தார். இன்றோடு முடிவாகிவிட்டது, நீ சொன்னது சரிதான் என்று சொல்லிவிட்டுத் தன் காரை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் புடிமிருக்கு வேர்த்தது. “தெசாங்கா, உள்ள உக்காந்து பேசலாம்,” என்று வாசலுக்குள் கால் வைக்க வந்தான். ஒரு கால் உள்ளே வந்துவிட்டால் மறுபடி விருந்தாளி ஆகிவிடுவான். தெசாங்கா கம்பிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

“உன்னை வழியனுப்பியாச்சு.”

“என்ன தெசாங்கா இது. ஊரே கேக்குமே. சீசன் ஆரம்பிச்சா, ராடென்கோ எங்கேன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?”

தெசாங்கா கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“ஆட்டம் முடிஞ்சதும் வர்றானாம்னு சொல்லு.”

அந்த வார்த்தை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவனுடைய வார்த்தைதானே. ராடென்கோவைப் பார்த்தான். ராடென்கோ அவனைப் பார்க்காமல் வழிக் கிளாஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கமாகப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துப் புடிமிரும் போனான். வெயில் இன்னும் சுட்டது. தொப்பிக்குள் ரொட்டி இருந்தது, அதனால் தலையில் போட்டுக்கொள்ள முடியவில்லை. வெறுந்தலையோடு, இரண்டு கையாலும் அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, சுவரில் வரைந்த முகம் இருக்கும் தெரு வழியாகவே அவன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

“இப்ப நான் யாருக்கும் சொந்தமில்லை, மிலுன் அண்ணே,” என்றான் ராடென்கோ. அவனுக்குச் சிரிப்பா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து நெவென்கா, இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது, கோதுமை எங்கே என்று கேட்டாள். அவன் கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கடைசி விருந்தாளி போகும்வரை அவன் உட்காரக் கூடாது.